நீலத் தார்ப்பாயின் அடியில்

அணு விபத்துகளும் கால்நடைகளின் சாவும் – இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நேரங்களில் விழித்திருந்து இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். நாவல், கவிதை என்று பேசிவரும் இந்த மேடையில் இன்று செத்த மாடுகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஏன் இந்தத் தலைப்பு என்று சிலர் முன்கூட்டியே கேட்டார்கள். வரலாறு யாருடைய சாவை எழுதுகிறது, யாருடைய சாவை வெறும் எண்ணிக்கையாக விட்டுவிடுகிறது என்பது இலக்கியத்தின் கேள்வியும்தான் என்பதே என் பதில்.

அணு விபத்துகளின் வரலாறு நமக்கு ஓரளவு தெரியும். உலை, வெடிப்பு, தீயணைப்பு வீரர்கள், ஒரே இரவில் காலியான ஊர்கள், புற்றுநோய் பற்றிய வாதங்கள். அந்த ஊர்களில் மனிதர்களோடு கால்நடைகளும் இருந்தன. அவை என்ன ஆயின? எதனால் செத்தன? அந்த உடல்களை என்ன செய்தார்கள், அதைச் செய்தது யார்? கேட்பதற்கு இது சுகாதாரத் துறையின் வேலை போலத் தோன்றும். உள்ளே போனால் சட்டம், மண், சாதி, ஈமச்சடங்கு எல்லாம் வந்துவிடுகின்றன.

பாலில் தொடங்கிய கதை

1957 அக்டோபர் 10. இங்கிலாந்தின் வடமேற்கில், அன்றைய கம்பர்லாந்து மாவட்டத்தில் வின்ட்ஸ்கேல் என்ற இடத்தில், அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் தயாரித்த உலையில் தீப்பற்றியது. புகைபோக்கி வழியாக அயோடின்-131 வெளியேறி மேய்ச்சல் நிலங்களில் படிந்தது. புல்லிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு என்ற பாதை அப்போது விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தே இருந்தது. ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பால் விநியோகத்தைத் தடை செய்தார்கள். பண்ணையாளர்களுக்கு இழப்பீடு கொடுத்துப் பாலைத் தண்ணீர் கலந்து வடிகாலிலும் கடலிலும் கொட்டினார்கள்.

மாடுகளைக் கொல்லவில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை. அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாட்கள். அதாவது 8 நாளுக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகும். ஆறு வாரங்களுக்குள் தடை முற்றிலும் விலகியது. அந்த அனுபவத்திலிருந்து நிர்வாகங்கள் படித்த பாடம், பாலைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும் என்பது. ஆட்கள் ஊரைவிட்டுப் போக நேர்ந்தால், பால் கறக்கவும் தண்ணீர் காட்டவும் யாரும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எழவேயில்லை, ஏனென்றால் வின்ட்ஸ்கேலில் யாரும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

மாட்டோடு போனவர்கள்

1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில் நான்காம் உலை வெடித்தது. மறுநாள் பிரிப்யாத் நகரம் காலியானது. மே மாதத் தொடக்கத்தில் 30 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். சோவியத் நிர்வாகத்தின் எத்தனையோ குறைகளைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும்: கிராமத்து மக்களோடு மாடுகளையும் லாரிகளில் ஏற்றினார்கள். உக்ரைன் பகுதியிலிருந்து மட்டும் சுமார் 50,000 மாடுகள், 13,000 பன்றிகள், 3,300 செம்மறிகள், 700 குதிரைகள் வெளியேற்றப்பட்டன. வட்டத்துக்குள் எஞ்சியவற்றில் நாய், பூனை உட்பட 20,000க்கும் மேற்பட்டவற்றைக் கொன்று புதைத்தார்கள். அந்த வேலைக்குப் போன வேட்டைக்காரர்களின் குரலை ஸ்வெட்லானா அலெக்ஸீவிச்சின் செர்னோபில் நூலில் வாசித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள்.

ஏற்றிச் சென்ற மாடுகளின் கதை சுலபமாக முடியவில்லை. போன இடத்தில் தீவனம் இல்லை, தொழுவம் இல்லை. எந்த மாட்டில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அந்த முதல் வாரங்களில் வழியும் இல்லை. மே முதல் ஜூலை வரையான மூன்று மாதங்களில் உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா மூன்றிலும் சேர்த்து 95,500 மாடுகளும் 23,000 பன்றிகளும் வெட்டப்பட்டன. சில உடல்களைப் புதைத்தார்கள். சிலவற்றைக் குளிர்பதனக் கிடங்குகளில் அடுக்கினார்கள். கிடங்குகள் நிரம்பின.

இன்னொரு வழியும் கையாளப்பட்டது. ஸிதோமிரைச் சேர்ந்த பத்திரிகையாளர் அல்லா யாரோஷின்ஸ்காயா மக்கள் பிரதிநிதியாகத் தேர்வான பிறகு, கட்சித் தலைமையின் ரகசியக் குறிப்புகளைப் பெற்று 1992இல் வெளியிட்டார். மாசுபட்ட இறைச்சியை நல்ல இறைச்சியுடன் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் கலந்து, தொத்திறைச்சியாகவும் டப்பா உணவாகவும் நாடெங்கும் பரப்பலாம் என்ற பரிந்துரை அவற்றில் இருந்தது. மண்ணில் புதைக்கத் தயங்கியதை மக்களின் வயிற்றில் புதைத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இதில் வேதனையான ஒன்று உண்டு. சீசியம் மாட்டின் உடலிலேயே தங்கிவிடுவதில்லை. சுத்தமான தீவனம் கொடுத்தால் சிறுநீரிலும் சாணத்திலும் வெளியேறி, சில வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகும். இரண்டு மூன்று மாதம் நல்ல வைக்கோல் கிடைத்திருந்தால் வெட்டப்பட்டவற்றில் பல மாடுகளின் இறைச்சி வரம்புக்குள் வந்திருக்கும். அடுத்த ஆண்டுகளில் அங்கேயே அதை நடைமுறைப்படுத்தினார்கள். ஆக 1986 கோடையில் மாடுகளைக் கொன்றதில் கதிரியக்கத்துக்கு இருந்த பங்கைப்போலத் தீவனப் பற்றாக்குறைக்கும் பங்கு இருந்தது.

களிமண்ணும் கரிமண்ணும்

செர்னோபில் மேகம் வடக்கிலும் மேற்கிலும் பரவியது. இங்கே நார்வேயிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வாழும் மண்ணின் கதை இது. ஸ்வீடனில் 1986இல் இறைச்சிக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 300 பெக்கரல். அந்தப் பருவத்தில் அறுத்த கலைமான்களில் பெரும்பகுதி அந்த வரம்பைத் தாண்டியது. ஒரு பகுதியைக் குழியில் போட்டார்கள். ஒரு பகுதியை மென்மயிருக்காக வளர்க்கும் மிங்க், நரிப் பண்ணைகளுக்குத் தீனியாக அனுப்பினார்கள். கலைமானின் கொம்பு, தோல், நரம்பு, இரத்தம் எதையும் வீணாக்காத சாமி மக்களுக்கு, அறுத்த விலங்கை அப்படியே குழியில் தள்ளுவது பண நஷ்டத்தைவிடப் பெரிய அடி. நார்வே அந்த ஆண்டு நவம்பரில் கலைமான் இறைச்சியின் வரம்பை 6,000 பெக்கரலாக உயர்த்தியது. வரம்பைத் தளர்த்தாவிட்டால் தென் பகுதிச் சாமி மக்களின் மேய்ச்சல் வாழ்க்கையே முடிந்துவிடும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. பிறகு பிரஷ்யன் நீலம் கலந்த உப்புக்கட்டியையும் உருண்டைகளையும் விலங்குகளுக்குக் கொடுத்தார்கள். அது குடலிலேயே சீசியத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் தன் பேரலை ஓவியத்தில் பூசிய அதே நிறமிதான்.

பிரிட்டனில் 1986 ஜூன் 20 அன்று வேல்ஸ், கம்ப்ரியா மலைகளின் செம்மறிகள்மீது தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். கடைசிப் பண்ணையின்மீதான தடை விலகியது 2012 ஜூன் 1 அன்று, 26 ஆண்டுகள். ஏன் இப்படி ஆயிற்று என்பதை பிரையன் வின் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். களிமண்ணில் விழுந்த சீசியம் களிமத் துகள்களோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், வேருக்குப் போகாது. நிபுணர்கள் அந்த அறிவை மலைமேட்டுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். மலைமேட்டில் இருந்ததோ புளிப்பான கரிமண். அது சீசியத்தைப் பிடித்து வைக்காது. புல் உறிஞ்சும், ஆடு மேயும், புழுக்கையாக மறுபடி மண்ணுக்கு வரும். இடையர்கள் தங்கள் மலையின் மண் வேறு என்று சொன்னபோது அதற்குக் காது கொடுக்கவில்லை.

இந்த மண் வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செத்த உடலை எங்கே புதைக்கலாம் என்ற கேள்விக்கும் விடை இதிலேதான் இருக்கிறது.

கட்டிப்போட்ட கயிறு

இப்போது புகுஷிமா. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம், பின் ஆழிப்பேரலை. மறுநாள் மாலை 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்போர் வெளியேற உத்தரவு. ஒன்பது நகரங்களும் ஊர்களும் அந்த வட்டத்துக்குள் முழுமையாகவோ பகுதியாகவோ வந்தன: மினாமிசோமா, நமியே, ஃபுதாபா, ஒகுமா, தொமியோக்கா, நராஹா, கட்சுராவோ, கவவுச்சி, தமுரா. அங்கே ஏறத்தாழ 3,500 மாடுகளும், 30,000 பன்றிகளும், இலட்சக்கணக்கான கோழிகளும் இருந்தன.

இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இருந்த தீவனத்தைக் கொட்டி, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனார்கள். சிலர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவிழ்த்துவிட்டால் அக்கம்பக்கத்தார் வயலில் இறங்கும், சாலையில் வண்டியில் அடிபடும் என்று பலர் கட்டியே வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்தத் தயக்கத்தை விளக்க வேண்டியதில்லை. அவிழ்ப்பதா, கட்டி வைப்பதா என்பதை ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஆயுள் முழுவதும் அதை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு.

புகுஷிமாவின் கால்நடைகள் கதிர்வீச்சால் சாகவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவை பசியாலும் தாகத்தாலும் செத்தன. வரிசையாகக் கழுத்துச் சட்டத்தில் மாட்டியிருந்த பால்மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. மினாமிசோமாவின் ஒரு தொழுவத்தில் மாடுகள் பசியில் மரத்தூணைக் கடித்துக் கடித்து இடுப்புப்போல ஒடுக்கியிருந்தன. உரிமையாளர்களில் சிலர் ஒளிந்து ஒளிந்து போய்த் தீவனம் வைத்துவந்தார்கள். ஏப்ரல் 22 முதல் அந்த வட்டம் சட்டப்படி தடுக்கப்பட்ட பகுதியானது. மீறி நுழைந்தால் அபராதம் அல்லது காவல். தீவனம் போவது அத்தோடு பெரும்பாலும் நின்றது.

ஏப்ரல் 25 முதல் மாகாணத்தின் கால்நடை மருத்துவர்கள் சாகும் நிலையில் கிடந்தவற்றை ஊசி போட்டு முடிக்கத் தொடங்கினார்கள். மே 12 அன்று மத்திய அரசு, வட்டத்துக்குள் இருக்கும் கால்நடைகளை உரிமையாளரின் ஒப்புதலோடு கருணைக்கொலை செய்யும்படி மாகாண ஆளுநருக்கு உத்தரவிட்டது. "ஒப்புதலோடு" என்ற அந்தச் சொல் முக்கியம். அதற்கு முந்தைய ஆண்டுதான் மியாசாகி மாகாணத்தில் கோமாரி நோய் பரவி, ஏறத்தாழ 3 இலட்சம் மாடுகளையும் பன்றிகளையும் கொன்று புதைத்திருந்தார்கள். அங்கே தொற்றுநோய்ச் சட்டம் இருந்தது; அரசு கட்டாயப்படுத்தலாம், இழப்பீட்டு முறையும் புதைக்கும் விதியும் எழுதப்பட்டிருந்தன. கதிரியக்கத்துக்கு அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. கதிரியக்கம் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குத் தொற்றுவதில்லை என்பதால், கட்டாயப்படுத்தக் காரணமும் இல்லை.

கழிவும் அல்ல, பிணமும் அல்ல

செத்த உடல்களை என்ன செய்வது என்ற இடத்தில் நிர்வாகம் திகைத்து நின்றது. அந்தத் திகைப்பின் காரணம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

ஜப்பானில் பண்ணையில் செத்த விலங்கு, சட்டப்படி தொழிற்கழிவு. அதை முறைப்படி அகற்றுவது பண்ணையாளரின் பொறுப்பு. சாதாரண நாட்களில் அதற்கென்று உரிமம் பெற்ற நிலையங்கள் வந்து எடுத்துச் செல்லும். கொழுப்பு உருக்குவார்கள், மிச்சத்தை எரிப்பார்கள். ஆனால் அதே கழிவுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, கதிரியக்கப் பொருளும் அதனால் மாசுபட்டதும் இந்தச் சட்டத்தின் "கழிவு" என்ற சொல்லுக்குள் வராது என்று விலக்கி வைத்திருந்தது. அப்படியானால் அணுசக்திச் சட்டத்துக்குள் வருமா? அது உலை வளாகத்துக்குள் உண்டாகும் கழிவுக்கானது. வேலிக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாடு கதிரியக்கத்தோடு செத்துக் கிடக்கும் என்று எந்தச் சட்டமும் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்கும் சிறப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் இறுதியில் பிறந்து, 2012 ஜனவரி 1 அன்றுதான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. கிலோவுக்கு 8,000 பெக்கரலைத் தாண்டிய கழிவு அரசின் பொறுப்பு என்ற கோடு அதன்கீழ் வந்ததே.

இடைப்பட்ட மாதங்களில் நடந்தது இதுதான்: உடல் விழுந்த இடத்திலேயே சுண்ணாம்புத் தூளைத் தூவி, மேலே நீலத் தார்ப்பாயைப் போர்த்தி, காற்றில் பறக்காமல் ஓரத்தில் பாரம் வைத்தார்கள். வெள்ளைப் பாதுகாப்பு உடையில் வந்த மருத்துவர்கள் செய்ய முடிந்தது அவ்வளவே. வெளியே கொண்டுபோக முடியாது, எரிக்க முடியாது, உடனே புதைக்கவும் அனுமதி இல்லை. பிறகு நில உரிமையாளர்களின் சம்மதத்தைப் பெற்று, வட்டத்துக்குள்ளேயே தற்காலிகக் குழிகளில் புதைத்தார்கள். அந்தக் கோடையின் வெயிலையும் மழையையும் அந்தத் தார்ப்பாய்கள் தாங்கின. ஈக்களையும் நாற்றத்தையும் தாங்கவில்லை.

சுண்ணாம்பு எதற்கு? கிருமியையும் வாடையையும் ஓரளவு அடக்கும். சீசியத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உண்மையில் எந்த முறையாலும் சீசியத்தை அழிக்க முடியாது. அதை எங்கே போக விடுகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

எரித்தால் உடல் குறையும், சீசியம் குறையாது. கொதிநிலை எரியூட்டியின் வெப்பத்தில் அது ஆவியாகி, புகை குளிரும்போது பறக்கும் சாம்பலில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டி சரியாக இருந்தால் காற்றில் கலக்காது. ஆனால் கையில் மிஞ்சுவது அடர்ந்த கதிரியக்கம் கொண்ட கொஞ்சம் சாம்பல். அதுவும் தண்ணீரில் எளிதில் கரையும் வடிவில். திறந்த வெளியில் கட்டையடுக்கி எரிப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது.

புதைத்தால் காற்றுக்கு ஆபத்தில்லை, தண்ணீருக்கு உண்டு. மாட்டின் உடலில் பெரும்பங்கு நீர். அழுகும்போது அது கசிந்து இறங்கும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரம் வேண்டும். அடியிலும் பக்கத்திலும் களிமண் வேண்டும். வேல்ஸ் மலை சொன்ன பாடம் இங்கே உதவுகிறது. குழி எங்கே, எத்தனை உடல், என்று புதைத்தது என்பதை வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டுகள். குழியைத் தோண்டியவரின் பேரன் காலத்திலும் அந்தக் குறிப்பு தேவைப்படும்.

உடலை அப்புறப்படுத்துபவருக்குக் கதிரியக்கம் மட்டும் அபாயமில்லை. வாரக்கணக்கில் அழுகிய உடலின் கிருமிகளும், தோலிலும் மயிரிலும் படிந்த தூசியும் உடனடியாகக் கவனிக்க வேண்டியவை. கையுறை, முகமூடி, உடை மாற்றும் இடம், கழுவும் தண்ணீரைச் சேர்க்கும் தொட்டி எல்லாம் குழியைப் போலவே முக்கியம்.

இன்னொரு செய்தி. தொஹொக்கு பல்கலைக்கழகத்தின் மனாபு ஃபுகுமொத்தோவும் அவருடைய குழுவினரும் கருணைக்கொலை செய்யப்பட்ட மாடுகளிலிருந்து 2011 ஆகஸ்ட் முதல் திசுக்களைச் சேகரித்தார்கள். 79 மாடுகளை ஆராய்ந்ததில், இரத்தத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு சீசியம் தசையில் சேர்ந்திருந்தது. கல்லீரலில் கதிரியக்க வெள்ளி, சிறுநீரகத்தில் டெல்லூரியம். ஆகவே, உயிரோடு இருக்கும் மாட்டின் கொஞ்சம் இரத்தத்தை வைத்தே தசையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட வழி பிறந்தது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொல்ல வேண்டிய அவசியமில்லை என்று அந்தச் செத்த மாடுகளே சொல்லிவிட்டன.

யார் கை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னே போக வேண்டும். எதோ காலத்து ஜப்பானில், செத்த மாடும் குதிரையும் அதன் சொந்தக்காரருக்குச் சொந்தமில்லை. அவற்றை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் போட்டுவிட வேண்டும். கவதா என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் வந்து எடுத்து, தோலுரித்துப் பதப்படுத்துவார்கள். அது அவர்களுக்கு விதிக்கப்பட்ட கடமை. ஊருக்குள் நுழையவிடாத தீட்டின் காரணமும் அதுவே. தோலால் கிடைத்த வருமானத்தின் வழியும் அதுவே. 1871இல் மெய்ஜி அரசு, செத்த மாட்டைச் சொந்தக்காரர் தன் விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு சாதி இழிபெயர்களையும் சட்டத்தில் ஒழித்தது. வருமானம் உடனே போனது, இழிவு போகவில்லை. இன்றும் புராக்கு மக்கள் அந்த நிழலோடு போராடுகிறார்கள்.

நமக்கு இதில் தெரியாத வரி ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டு ஊர்களில் செத்த மாட்டை அப்புறப்படுத்துவது யார் தலையில் கட்டப்பட்டது, மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1927இல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டுவிடும்படி தம் மக்களைக் கேட்டார். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த பசுவின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்கள் அடிக்கப்பட்டபோது, அங்குள்ள தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுவந்து ஆட்சியர் அலுவலக வாசலில் போட்டார்கள். "உங்கள் மாட்டை நீங்களே அகற்றுங்கள்" என்பதுதான் அதன் பொருள். அந்த ஒரு வாரத்தில், ஒரு சமூகம் எந்தக் கைகளை நம்பி மூக்கைப் பிடிக்காமல் வாழ்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அணு விபத்தும் அதையே காட்டியது. மின்சாரம் தோக்கியோவுக்குப் போனது. புல்லும் வைக்கோலும் மாடும் புகுஷிமாவில் கெட்டன. உடலை மூடும் வேலை மாகாணத்தின் சிறிய கால்நடை மருத்துவக் குழுவுக்கு வந்தது. உயிரைக் காக்கப் படித்தவர்கள், ஒரு நாளைக்கு இத்தனை என்று ஊசி போட்டார்கள். சொந்தக்காரர் சம்மதக் கையெழுத்தைப் போட்டார். 2011 ஜூன் மாதம், புகுஷிமாவில் பால் பண்ணையாளர் ஒருவர் தொழுவத்தின் சுவரில் சுண்ணக்கட்டியால் அணு உலையின்மீதான தன் ஆற்றாமையை எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். விபத்தின் கணக்கில் இவரையும் மாட்டையும் எந்தப் பத்தியில் எழுதுவது?

மறுத்தவர்கள்

சம்மதம் தராதவர்களும் இருந்தார்கள். நமியேயில், உலையிலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில் மசாமி யோஷிசாவா 300க்கும் மேற்பட்ட மாடுகளை வைத்துக்கொண்டார். "நம்பிக்கைப் பண்ணை" என்று அதற்குப் பெயர். விற்க முடியாத, உண்ண முடியாத மாடுகள். கொன்று மறைத்துவிட்டால் இங்கே நடந்ததற்குச் சாட்சி இருக்காது என்பது அவர் வாதம். 2014இல், தோலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றிய மாட்டைத் தோக்கியோவுக்கே ஏற்றிச் சென்று வேளாண் அமைச்சகத்தின் முன்னால் நிறுத்தினார். கதிரியக்கத்தால்தான் புள்ளிகள் வந்தன என்று நிரூபிக்கப்படவில்லை. காரணத்தைத் தேடுங்கள் என்பதே அவர் கோரிக்கை.

2012 ஏப்ரலில் அரசும் இறங்கிவந்தது. வேலிக்குள் அடைத்து, சந்தைக்கு அனுப்பாமல், இனப்பெருக்கம் செய்யாமல் வைத்திருக்கலாம் என்று விதியை மாற்றியது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஊசியாலும், அதற்கு மேல் பசியாலும் போயிருந்தன. ஆள் இல்லாத வயல்களைக் காடாகவிடாமல் மேய்ந்து வைத்தவை எஞ்சிய மாடுகள்தான். யூசுகே கிமுரா இப்படிப்பட்ட ஒரு பண்ணையை வைத்து 2014இல் ஒரு குறுநாவல் எழுதினார். "புனித சீசிய நிலம்" என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். எதற்கும் பயன்படாத மாட்டுக்கு ஏன் தீனி போட வேண்டும் என்ற கேள்வி, எதற்கும் பயன்படாத மனிதர் என்று யாரைச் சொல்கிறோம் என்ற கேள்வியாக அதில் மாறுகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. சோமா பகுதியின் குதிரைத் திருவிழா நூற்றாண்டுகளாக நடப்பது; அதற்கான குதிரைகளை வட்டத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதித்தார்கள். பண்பாட்டுச் சின்னம் என்ற சீட்டு குதிரைக்கு இருந்தது, மாட்டுக்கு இல்லை. அவிழ்ந்து ஓடிய பன்றிகள் காட்டுப்பன்றிகளோடு கலந்தன. அவற்றின் வழித்தோன்றல்களை 2021இல் வெளியான மரபணு ஆய்வு அடையாளம் கண்டது. யாரும் புதைக்காதவை அவை மட்டுமே.

ஜப்பானிய நாட்டுப்புறச் சாலையோரங்களில் குதிரைத்தலை கொண்ட கன்னோன் சிலைகளைப் பார்க்கலாம். உழைத்துச் செத்த குதிரைக்கும் மாட்டுக்கும் நட்டவை. இறைச்சிக்கூடங்களிலும் ஆய்வகங்களிலும்கூடக் கால்நடைகளின் ஆவிக்கு நினைவுக்கல் வைத்து ஆண்டுதோறும் வழிபடுவார்கள். தன் மாட்டை அறுப்பதற்கு அனுப்பி வாழ்ந்த பண்ணையாளர், அதே மாடு பசியில் செத்ததற்கு ஏன் உடைந்துபோனார் என்று வெளியாட்கள் கேட்டார்கள். அறுப்புக்குப் போகும் மாட்டின் சாவுக்கு ஒரு பொருள் இருந்தது; யாரோ உண்பார்கள். தார்ப்பாயின் அடியில் கிடந்த சாவுக்கு அது இல்லை.

முன்கூட்டிச் செய்ய வேண்டியது

இந்த மூன்று விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால், பிணத்தைப் பாதுகாப்பாக அகற்றும் வேலை பிணம் விழுவதற்கு முன்பே தொடங்குகிறது என்று தெரியும். எத்தனை உயிர்கள் எங்கே இருக்கின்றன என்ற கணக்கு. ஆட்கள் போனபின் தீவனமும் தண்ணீரும் வைக்க, அளவான கதிர் வரம்போடு முறைவைத்து உள்ளே அனுப்பும் குழு. கட்டிப்போடுவதா அவிழ்ப்பதா என்பதை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் போடாத தெளிவான அறிவுரை. மண்ணையும் நீர்மட்டத்தையும் பார்த்து முன்னமே ஒதுக்கிய புதைகுழி நிலம். செலவு யாருடையது, கையெழுத்து யாருடையது, வேலை யாருடையது என்று எழுதிவைத்த சட்டம். இவை இருந்தால் புதைக்க வேண்டிய உடல்களே குறைந்துபோகும்.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் இயங்குகின்றன. உலையைச் சுற்றி 16 கிலோமீட்டரை அவசரத் திட்ட எல்லையாக இந்தியா வகுத்திருக்கிறது. அந்த வட்டத்துக்குள் பனைமரங்களுக்கு நடுவே ஆடு மேய்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கிக் கறவை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அணு உலை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இங்கே இருப்பீர்கள். இரு தரப்பும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. அடுத்த ஒத்திகையின்போது பேருந்துகளை எண்ணுகிறவர்களிடம், "ஆடுகளுக்கு என்ன ஏற்பாடு, செத்தால் எந்த மண்ணில் புதைப்பீர்கள், அந்த வேலையை யார் தலையில் கட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.